உஷார்! ஃபெரட் சொறிந்தால் ஷாம்பூவைத் தேடாதீர்கள்

வீட்டில் ஃபெரட் வளர்ப்பவர்களே, உங்கள் செல்லம் நாள் முழுக்க உடம்பைச் சொறிந்துகொண்டே இருக்கிறதா? வாலில் முடி குறைந்ததுபோல் தெரிகிறதா? ‘குளிர்காலம், தோல் வறண்டிருக்கும்’ என்று ஷாம்பூ வாங்கக் கிளம்பாதீர்கள். நாய்க்கு வாங்கிய தெள்ளுப்பூச்சி மருந்து மிச்சம் இருக்கிறதே என்று அதன் கழுத்தில் விட்டுவிடாதீர்கள். ஷாம்பூ அரிப்பைக் கூட்டும். நாய் மருந்து உயிரையே எடுத்துவிடக்கூடும்.

ஃபெரட் பார்வைக்குக் கீரியை நினைவூட்டும். ஆனால் அதன் உறவு கீரியோடு அல்ல, நீர்நாயோடு. ஐரோப்பாவில் முயல் பிடிப்பதற்காக 2,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பழக்கப்பட்ட பிராணி. இன்று அமெரிக்கா, கனடா, பிரிட்டன் வீடுகளில் தூளி கட்டித் தூங்க வைக்கும் செல்லப்பிள்ளை. எல்லா இடத்திலும் வளர்த்துவிட முடியாது. கலிஃபோர்னியா, ஹவாய் மாநிலங்களில் தடை உண்டு. நியூசிலாந்தில் 2002 முதல் விற்கக் கூடாது. அனுமதி உள்ள ஊர்களிலும் இதைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர்கள் குறைவு. அதனால்தான் ஆளாளுக்குக் கைவைத்தியம் செய்கிறார்கள். எடையோ பெரும்பாலும் 1 கிலோவை ஒட்டித்தான். இவ்வளவு சின்ன உடம்பில் கைவைத்தியம் கொஞ்சம் பிசகினாலும் தாங்காது.

எது சாதாரணம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஃபெரட் இயல்பாகவே சொறியும் பிராணி. தூக்கத்திலிருந்து எழுந்ததும் ஏதோ அவசரம்போல் ‘கரகர’வென்று சில நொடிகள் சொறிந்துவிட்டு மறந்துபோய் விளையாடப் போய்விடும். அதற்குப் பயப்பட வேண்டாம். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் முடி கொட்டிப் புதுமுடி வரும். அப்போது அரிப்பு கொஞ்சம் கூடும். புதுமுடி முளைக்கும் இடத்தில் தோல் நீலம் பாரித்துத் தெரிவதும் உண்டு. அதுவும் கெடுதல் இல்லை. விளையாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொறிவது, தூக்கத்திலிருந்து அரிப்பினாலேயே எழுவது, ஒரே இடத்தைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்குவது: இவைதாம் சாதாரணம் இல்லாதவை. இவற்றைப் பார்த்தால் அன்றைக்கே தோலைப் பிரித்துப் பாருங்கள்.

முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. நாயோ பூனையோ உள்ள வீட்டில் ஃபெரட்டுக்கும் ஒட்டும். கழுத்துப் பிடரியிலும் வால் தொடங்கும் இடத்திலும் முடியை விலக்கினால் மிளகுத்தூள் தூவியதுபோல் கருப்புத் துகள் தெரியும். அதை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். செந்நிறமாகக் கரைந்தால் அது அழுக்கு இல்லை, தெள்ளு குடித்த இரத்தத்தின் கழிவு. ஒரு பூச்சிகூடக் கண்ணில் படாவிட்டாலும் இந்தச் சிவப்பு போதும்.

பெரிய ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது. கடையில் கிடைக்கும் நாய் மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய் தாங்கிக்கொள்ளும், பூனைக்கு அது கடும் விஷம், ஃபெரட்டுக்கும் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. நடுக்கம், எச்சில் ஒழுகுதல், வலிப்பு என்று மளமளவென்று முற்றிவிடும். நாய்க்கு மருந்து விட்ட அன்று ஃபெரட் அதன் முதுகில் சுருண்டு படுத்தாலும் போதும், மருந்து ஒட்டிக்கொள்ளும். இமிடாக்ளோபிரிட், மாக்ஸிடெக்டின் இரண்டும் சேர்ந்த சொட்டு மருந்தில் சிறு பூனைக்கும் ஃபெரட்டுக்கும் என்றே வரும் வகை உண்டு. அதே மருந்தின் நாய் வகையில் மாக்ஸிடெக்டின் இரண்டரை மடங்கு. பூனைக்கானதில் 1 சதவீதம், நாய்க்கானதில் 2.5 சதவீதம். ‘பாதி விட்டால் போதுமே’ என்று கணக்குப் போடாதீர்கள். தெள்ளு தடுக்கும் கழுத்துப் பட்டையும் வேண்டாம். தெரியாமல் நாய் மருந்து பட்டுவிட்டதா? வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் தேய்க்கும் திரவத்தைக் கொஞ்சமாக விட்டு உடனே கழுவுங்கள், துவட்டிக் குளிராமல் பொதியுங்கள், மருந்து உறையைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். நடுக்கம் வரட்டும் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள்.

மருந்து விட்டதோடு வேலை முடிவதில்லை. தெள்ளின் முட்டையும் புழுவும் கூடும் தரைவிரிப்பிலும் தூளித் துணியிலும்தான் கிடக்கும். துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வாக்குவம் கிளீனரை மூலைமுடுக்கெல்லாம் ஓட்டுங்கள். வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும், அதனதற்கு உரிய மருந்தை, ஒரே சமயத்தில் விடுங்கள்.

அடுத்தது குளியல். ஃபெரட்டின் உடம்பில் ஒரு கஸ்தூரி வாடை உண்டு. அது தோலில் சுரக்கும் எண்ணெயின் வாடை. வாடை போகட்டும் என்று வாராவாரம் குளிப்பாட்டுகிறார்கள். எண்ணெய் போனதும் தோல் வறண்டு அரிக்கிறது, போன எண்ணெயை ஈடுகட்டச் சுரப்பிகள் கூடுதலாகச் சுரக்கின்றன, வாடையும் கூடுகிறது. மறுபடி குளியல், மறுபடி அரிப்பு. மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டவே வேண்டாம்; வருடத்தில் சில முறை போதும் என்பேன். வாடைக்குக் காரணம் பெரும்பாலும் அழுக்குத் தூளியும் கழிவுத் தட்டும்தான். அவற்றைக் கழுவுங்கள், பிராணியை விடுங்கள்.

இனி, இவ்வளவு பதற்றத்தோடு எழுத வைத்த நோய்க்கு வருகிறேன். அதன் பெயர் அட்ரினல் நோய். சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பி வீங்கி, பாலியல் ஹார்மோன்களை அளவுக்கு மீறிச் சுரப்பது. மூன்று வயதைத் தாண்டிய, கருத்தடை செய்த ஃபெரட்களில் இது மிகச் சகஜம். வட அமெரிக்கக் கடைகளில் வாங்கும் குட்டிகள் பெரும்பாலும் சில வார வயதிலேயே கருத்தடை செய்யப்பட்டு வருபவை. விதையோ சினைப்பையோ இல்லாததால் ‘போதும், நிறுத்து’ என்று மூளைக்குத் திருப்பிச் சொல்ல எதுவும் இல்லை. மூளையோ தூண்டும் ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தூண்டுதல் முழுவதும் அட்ரினல் சுரப்பியின்மேல் விழுகிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கருத்தடை செய்ததற்கும் நோய் தலைகாட்டியதற்கும் இடைவெளி சராசரியாக மூன்றரை ஆண்டு என்று கண்டார்கள்.

அதற்காகக் கருத்தடையே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இணைசேராத பெண் ஃபெரட் சினைப்பருவத்திலேயே நீடித்து, ஈஸ்ட்ரோஜன் ஏறி, எலும்பு மஜ்ஜை செயலிழந்து, இரத்தசோகையில் இறந்துபோகக்கூடும். கத்தியில்லாமல் தடுக்கும் ஹார்மோன் வழிகள் இப்போது இருக்கின்றன. குட்டி வாங்கும்போதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

அட்ரினல் நோயில் முடி வாலின் அடியில் கொட்டத் தொடங்கும். பிறகு பின்பக்கம், விலா, வயிறு என்று முன்னோக்கி வரும். இருபுறமும் ஒரே அளவாக, ஓசையில்லாமல். மிச்ச முடியை இலேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். எல்லா ஃபெரட்டுக்கும் அரிக்காது. அரித்தால் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் அதிகம் அரிக்கும். தெள்ளுக்கடியும் அங்கேதான் என்பதால் ஏமாந்து தெள்ளு மருந்தாக விட்டுக்கொண்டிருப்பார்கள். கருத்தடை செய்த பெண் ஃபெரட்டின் பிறப்புறுப்பு வீங்கும். ஆண் ஃபெரட்டுக்குப் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர்க் குழாயை நெரிக்கும்.

முதல் வருடம் கொட்டிய முடி சில மாதங்களில் தானாக வளர்ந்தும்விடும். இது பொல்லாத ஏமாற்று. டொராண்டோவில் இருக்கும் என் அண்ணன் மகள் ஒரு வசந்தகாலத்தில் கூப்பிட்டாள். “சித்தப்பா, போன வருஷமும் இப்படித்தான் வால்ல முடி கொட்டிச்சு, அப்புறம் தானா வளர்ந்திடுச்சு. இந்த வருஷமும் வளர்ந்திடும்தானே?” ஆண் ஃபெரட், நாலு வயது. படம் அனுப்பச் சொன்னேன். வால் மெலிந்து வெறும் தோலாக இருந்தது. இடுப்புக்கு இருபுறமும் அளந்து மழித்ததுபோல் ஒரே வட்டம். தோள்களுக்கு நடுவே நகக்கீறல்கள், அவற்றின் ஓரத்தில் காய்ந்த பொருக்கு. “யூரின் ஒழுங்காப் போகுதாம்மா?” என்றேன். “அடிக்கடி மூலையில போய் முக்கி முக்கி உட்காருது, ஆனா தட்டுல ஈரமே இல்ல” என்றாள். “இப்பவே கிளம்பு. நாளைக்குன்னு தள்ளாதே” என்றேன். அன்றிரவே குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். பிழைத்தது. அவள் கேட்க வந்தது முடியைப் பற்றித்தான். சிறுநீர்ப் பேச்சை நான் எடுக்காவிட்டால் மறுநாள் அது இருந்திருக்காது. ஆண் ஃபெரட் முக்கியும் சிறுநீர் வராமல் இருந்தால் நடுநிசியானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இந்த நோய்க்கு நல்ல சிகிச்சை உண்டு என்பதால்தான் இத்தனை சத்தம் போடுகிறேன். டெஸ்லோரெலின் என்ற சிறு குச்சி போன்ற இம்பிளான்ட்டைத் தோலுக்கடியில் வைத்தால் மாதக்கணக்கில், பல ஃபெரட்களுக்கு ஓராண்டுக்கு மேலும், ஹார்மோன் அடங்கும், முடி திரும்பும். லூப்ரோலைடு ஊசி இன்னொரு வழி. சுரப்பியை அறுவை செய்து எடுக்கலாம். இடப்பக்கம் என்றால் எளிது, வலப்பக்கச் சுரப்பி பெரிய இரத்தக்குழாயை ஒட்டியிருப்பதால் கடினம். நாய்க்குச் செய்யும் கார்ட்டிசோல் சோதனை இதில் பயன்படாது. இங்கே ஏறுவது பாலியல் ஹார்மோன்கள். ஸ்கேனும் அவற்றுக்கான தனி இரத்தப் பரிசோதனையும்தான் கேட்க வேண்டியவை. ‘அரிப்புக்கு ஒரு ஸ்டீராய்டு போட்டுப் பார்ப்போம்’ என்று யாராவது சொன்னால், எந்த நோய்க்கு என்று கேளுங்கள். அரிப்பு அடங்கிவிடும், நோய் உள்ளே வளரும். கூடவே இருக்கக்கூடிய வேறு நோய்களையும் அது மறைத்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோலில் சிறு பட்டன் அளவில் முடியில்லாத கட்டி, மேலே கறுத்த பொருக்கு, சொறியச் சொறிய உதிர்ந்து மறுபடி வருகிறதா? மாஸ்ட் செல் கட்டியாக இருக்கலாம். நாயில் இது பயங்கரம். ஃபெரட்டில் பெரும்பாலும் தீங்கற்றது. ஆனாலும் எடுத்துச் சோதிக்க வேண்டும். காதுக்குள் கரும்பழுப்பு மெழுகு நிறைந்து தலையை உதறினால் காதுச் சிற்றுண்ணி. ஃபெரட்டின் காது மெழுகே பழுப்புதான் என்பதால் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். பாதம் வீங்கிப் பொருக்குத் தட்டி நகம் கோணினால் சொறிச் சிற்றுண்ணி. வட்ட வட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரை. இவை இரண்டும் மனிதருக்கும் தொற்றும். உங்கள் கையிலோ குழந்தையின் வயிற்றிலோ அரிப்பு கண்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அரிப்புபோலத் தெரிந்து அரிப்பே இல்லாத ஒன்றும் உண்டு. முன்னங்காலால் வாயை வழித்து வழித்துத் தள்ளுகிறது, எச்சில் ஒழுகுகிறது, வெறித்துப் பார்க்கிறது, பின்னங்கால் தள்ளாடுகிறது. முகத்தில் ஒவ்வாமை என்று களிம்பு தடவி உட்கார்ந்திராதீர்கள். கணையக் கட்டியால் இரத்தச் சர்க்கரை இறங்கும்போது ஃபெரட் இப்படித்தான் செய்யும். இதுவும் அட்ரினல் நோய் வரும் அதே வயதில் வருவது.

சரி, வெறும் வறட்சிதான் என்று மருத்துவர் பார்த்துச் சொல்லிவிட்டார் என்றால் வீட்டில் செய்யக்கூடியவை நிறைய உண்டு. ஹீட்டர் ஓடும் அறையில் காற்று காய்ந்துபோகும். ஹியூமிடிஃபையர் ஒன்று வையுங்கள், கூண்டை ஹீட்டருக்குத் தள்ளி நகர்த்துங்கள். தூளித் துணிக்கு வாசனைச் சோப்பும் சாஃப்ட்னரும் வேண்டாம். தேவதாரு, பைன் மரத்தூளைப் படுக்கையில் பரப்பாதீர்கள். ஃபெரட் முழுக்க முழுக்க இறைச்சி உண்ணி. தானியம் கலந்த மலிவுத் தீனியில் முடி சொரசொரத்துப் போகும். இறைச்சிப் புரதம் 35 சதவீதத்துக்கும் கொழுப்பு 15 சதவீதத்துக்கும் குறையாத தீனி கொடுங்கள். சால்மன் மீன் எண்ணெய் ஓரிரு சொட்டு, வாரம் இரண்டு முறை. கூடினால் வயிறு போகும். அரிப்பு தாங்கவில்லை என்றால் ஓட்ஸை மெல்லிய துணியில் கட்டி வெதுவெதுப்பான நீரில் பிழிந்து, அந்தப் பால்நீரால் சோப்பில்லாமல் ஒத்தி எடுக்கலாம். வேப்பெண்ணெய், டீ ட்ரீ எண்ணெய், நம் களிம்புகள் எதுவும் வேண்டாம். தடவியதையெல்லாம் அது நக்கி விழுங்கும். டீ ட்ரீ எண்ணெய் பிராணிகளுக்கு நஞ்சு. பாரசிட்டமால், இபுப்ரோஃபென் மாத்திரைகளின் பக்கமே போகாதீர்கள். இபுப்ரோஃபென் ஒரு மாத்திரை ஒரு ஃபெரட்டைக் கொல்லப் போதும்.

கடைசியாக, எதையும் விட அவசரமானது. தாடைக்குக் கீழே சிவந்து பொருக்குத் தட்டுகிறது, தொடை இடுக்கில் தடிப்பு, கண்ணில் பீளை, மூக்கில் சளி, தீனியைத் தொடவில்லை, பாதத்தின் அடித்தோல் தடித்துக் கடினமாகிறது. இது நாய்களிடமிருந்து வரும் டிஸ்டெம்பராக இருக்கலாம். தடுப்பூசி போடாத ஃபெரட்டுக்கு வந்தால் அநேகமாகப் பிழைக்காது. தொற்றி ஏழு முதல் பத்து நாளில் அறிகுறி தொடங்கும். நாம் முதலில் பார்ப்பது அந்தத் தாடைச் சிவப்பாகவே இருக்கக்கூடும். ஃபெரட் வெளியே போகாவிட்டாலும் நீங்கள் நாய்களைத் தொட்ட கையோடும் உடையோடும் வருகிறீர்கள். தடுப்பூசி போட்ட தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தாண்டியிருந்தால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். அறிகுறி இருந்தால் மற்ற ஃபெரட்டையும் நாயையும் வேறு அறைக்கு மாற்றுங்கள். மருத்துவமனைக்குப் போகும் முன்பே தொலைபேசியில் ‘டிஸ்டெம்பர் சந்தேகம்’ என்று சொல்லுங்கள். அங்கே காத்திருக்கும் மற்றப் பிராணிகளுக்கு நடுவில் கொண்டுபோய் உட்காராமல், அவர்கள் சொல்லும் தனி வாசல் வழியாக உள்ளே போங்கள்.