கடல் கடந்து ஒரு கால்பந்தாட்டம்

ஐதராபாத்தில் படிக்கும் தமிழ் மாணவர்க்குக் கால்பந்தாட்டம் அயலார் வீட்டுச் சொத்து அன்று. 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்திய அணி நான்காம் இடம் பெற்றது. அவ்வணியைப் பயிற்றியவர் இந்நகரத்து ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். அவ்வணியில் இருந்த துளசிதாஸ் பலராம் செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தவர். கோல்காவலர் பீட்டர் தங்கராஜும் ஐதராபாத்தில் பிறந்தவரே. ஆறாண்டு கழித்து, 1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில், இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்ட பெருங்கூட்டத்தின் நடுவே தென்கொரியாவை 2-1 என வென்று ஆசிய விளையாட்டுத் தங்கத்தை எடுத்து வந்த அணியிலும் இவ்விருவரும் இருந்தனர்.

அவர்கள் ஆடுவதற்காகக் கடல் கடந்தார்கள். இன்று நம் மாணவ நண்பர்கள் பார்ப்பதற்காகக் கடல் கடக்க விரும்புகிறார்கள். அதுவும் தனியாக அன்று, பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் கூட அழைத்துக்கொண்டு. விருப்பம் நல்லதுதான். ஆனால் செலவு அப்பாவுடையது, விடுமுறை எல்லோருடையது, ஆட்டம் மட்டும் நம்முடையது. இந்த மூன்றும் ஒத்துப்போகுமாறு ஒரு பயணத்தை எப்படி வகுப்பது என்பதே இங்கே நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலில் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். ஆட்டத்தை வைத்துப் பயணமா, பயணத்தை வைத்து ஆட்டமா? நம்மவர் பெரும்பாலும் ஆட்டத்தை முதலில் பிடிக்கிறார்கள். இன்ன நாள், இன்ன கழகம், இன்ன எதிரணி என்று முடிவு செய்துவிட்டு, அந்த ஒரு நாளின் முதுகில் பத்து நாள் பயணத்தை ஏற்றுகிறார்கள். அந்த நாள் நகர்ந்துவிட்டால் என்ன ஆகும்?

நகரும் என்பதுதான் உண்மை. இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கை எடுத்துக்கொள்வோம். இருபது கழகங்கள், கழகத்துக்கு முப்பத்தெட்டு ஆட்டங்கள். ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடியும். அட்டவணை ஜூன் மாதத்தில் வெளிவருகிறது. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி என்று அதில் கண்டதை நம்பி நாம் விமானச் சீட்டு வாங்கலாம். ஆனால் தொலைக்காட்சி நிறுவனங்கள் தமக்கு வேண்டிய ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்து வெள்ளி இரவுக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ திங்கள் இரவுக்கோ மாற்றுவது வழக்கம். அம்மாற்றம் பல வேளைகளில் ஆட்டத்துக்கு ஐந்தாறு வாரத்துக்கு முன்னர்தான் தெரியவரும். கோப்பைப் போட்டிகளில் ஒரு கழகம் முன்னேறினாலும் லீக் ஆட்டம் இடம் பெயரும். லண்டனில் வாழ்பவனுக்கு இது சிறு தொல்லை. ஐதராபாத்திலிருந்து நான்கு பேராகப் போகும் குடும்பத்துக்கோ பெருநட்டம்.

போட்டியே நாடு மாறியதும் உண்டு. ஆசியக் கோப்பை 2023-ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் சீனாவில் நடப்பதாக இருந்தது. 2022 மே மாதம் சீனா விலகிக்கொண்டது. பின்னர் அது கத்தாருக்குப் போய், 2024 ஜனவரியில்தான் தொடங்கியது.

ஆகவே என் கருத்து இது: நாளைப் பிடியாதீர்கள், வாரத்தைப் பிடியுங்கள், கழகத்தைப் பிடியாதீர்கள், நகரத்தைப் பிடியுங்கள். லண்டனில் மட்டும் ஐந்தாறு முதல்தரக் கழகங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு வாரம் தங்குகிறவன் ஆர்சனல் ஆட்டம் தவறினால் தேம்ஸ் கரையிலுள்ள புல்ஹாம் அரங்குக்குப் போகலாம். பெண்கள் லீக் ஆட்டங்களும் உண்டு. அவற்றுக்குச் சீட்டும் எளிது, விலையும் குறைவு. தங்கையை அழைத்துப் போகிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பது நன்று. நாட்டணிகளின் ஆட்டங்களுக்காகக் கழக ஆட்டங்கள் அடியோடு நிறுத்தப்படும் வாரங்கள் ஆண்டில் சில உண்டு. அவற்றை அறியாமல் போய் வெறும் அரங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவோரும் இருக்கிறார்கள்.

ஆட்டத்தைப் பயணத்தின் முதல் நாளிலும் வைக்க வேண்டாம், கடைசி நாளிலும் வைக்க வேண்டாம். இருபுறமும் இரண்டு நாளாவது இடம் விட்டு நடுவில் வையுங்கள். முதல் நாள் விமானம் தாமதித்தால் ஆட்டம் போயிற்று. கடைசி நாள் ஆட்டம் தள்ளிப்போனால் விமானம் போயிற்று.

இனி, எந்த ஊர்? இங்கிலாந்து என்றே எல்லோரும் சொல்வார்கள். தொலைக்காட்சியில் கண்டு வளர்ந்த ஆசை அது. ஆயினும் முதற்பயணத்துக்கு, அதுவும் குடும்பத்தோடு போகும் பயணத்துக்கு, தோஹாவை நான் முன்வைப்பேன். ஐதராபாத்திலிருந்து நேரே விமானம் உண்டு. நாலரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். சார்மினார் விரைவு வண்டியில் சென்னைக்குப் போக ஓர் இரவு முழுவதும் வேண்டுமே, அதை நினைத்துப் பாருங்கள்!

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியர், அம்மா வீட்டை ஆள்கிறவர், அண்ணன் பல்கலைக்கழகத்தில், தங்கை பள்ளியில். இவர்கள் 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பைக்குப் போக எண்ணினார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த அணி எந்த நாள் ஆடும் என்பது 2023 மே மாதத்திலேயே குலுக்கலில் தெரிந்துவிட்டது. ஆக எட்டு மாத அவகாசம். இந்தியா ஆஸ்திரேலியாவோடு ஜனவரி 13, சனிக்கிழமை. உஸ்பெகிஸ்தானோடு 18, வியாழக்கிழமை. சிரியாவோடு 23, செவ்வாய்க்கிழமை. சீட்டின் தொடக்க விலை 25 கத்தார் ரியால், ஏறக்குறைய 570 ரூபாய். நான்கு பேருக்கு 2,300 ரூபாய்க்குள் அடங்கும். 2022 உலகக் கோப்பையில் வெளிநாட்டார்க்கு மிகக் குறைந்த சீட்டே 69 டாலராக இருந்தது. அது அன்றைய மதிப்பில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். விமானக் கட்டணமும் விடுதியும்தான் உண்மைச் செலவு, சீட்டு அன்று. இதை அறிந்தால், ஓர் ஆட்டத்துக்குப் பதில் இரண்டு ஆட்டம் பார்க்கும்படி நாள்களை அமைத்துக்கொள்ளத் தோன்றும். ஒன்று கைதவறினாலும் மற்றொன்று நிற்கும்.

ஆனால் தேதிகளை மறுபடி பாருங்கள். 13-க்கும் 18-க்கும் நடுவில் 15-ஆம் தேதி பொங்கல்! அண்ணனுக்கு அது கண்ணில் படாது. அம்மாவுக்கு முதலில் படுவது அதுதான். ஊருக்குப் போய் மாமியாரோடும் நாத்தனாரோடும் பொங்கல் வைக்கிற வீட்டில், ஒரு பந்துக்காகப் பொங்கலை விடுவதா என்ற கேள்வி எழும், எழுவது நியாயம். இங்கே வாதாடி வெல்வது பிழை. முதல் ஆட்டத்தை விட்டுவிட்டு, பொங்கலை ஊரில் முடித்து, 17-ஆம் தேதி புறப்பட்டு 18-ஆம் தேதி ஆட்டத்தையும் 23-ஆம் தேதி ஆட்டத்தையும் பார்த்துவரலாம். எதிரணி ஆஸ்திரேலியா இல்லையே என்ற குறை அண்ணனுக்கு இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அல்லது, அம்மாவே விரும்பினால், தோஹாவில் பொங்கல். அந்நாட்டில் பல லட்சம் இந்தியர் வாழ்கிறார்கள். தமிழரும் நிறைய உண்டு. பச்சரிசிக்கும் வெல்லத்துக்கும் பஞ்சமில்லை. எதுவாயினும் முடிவு அவருடையதாக இருக்க வேண்டும்.

அம்மாவின் பங்கு இதோடு நிற்பதில்லை. ஓர் ஆட்டம் தொண்ணூறு நிமிடம்; இடைவேளை பதினைந்து; காயத்துக்கும் தாமதத்துக்கும் சேர்க்கும் நேரம் சிறிது. ஒரு வாரப் பயணத்தில் இது இரண்டு மணி நேரம். மீதி நேரம் யாருக்கு? தோஹாவில் ஐ. எம். பேய் வரைந்து 2008-இல் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. சூக் வாகிஃப் கடைத்தெரு இருக்கிறது. கடற்கரை நடைபாதை இருக்கிறது. ஆட்டத்தில் நாட்டமில்லாதவர் தம் நாளைத் தாமே தேர்ந்தெடுக்கட்டும். அந்த நாளில் நாம் அவர் பின்னால் நடப்போம். அரங்குகளுள்ளும் விந்தை உண்டு. 2022 உலகக் கோப்பைக்காகக் கப்பல் சரக்குப் பெட்டிகளால் கட்டிய ஓர் அரங்குக்கு 974 என்று பெயர். பெட்டிகளின் எண்ணிக்கையும் அதுவே. அந்நாட்டுத் தொலைபேசிக் குறியெண்ணும் அதுவே.

இனிப் பாஸ்போர்ட். வயது வந்தவர்க்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டின் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். ஆறு மாதமாவது செல்லுபடி மீதமிருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. தமிழர்க்கென்றே ஒரு சிக்கல் இதில் இருக்கிறது, அதுதான் முன்னெழுத்து. சான்றிதழில் ஒரு முன்னெழுத்தும் ஒரு பெயரும்; பாஸ்போர்ட்டிலோ தந்தை பெயர் விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் நிற்கும்; சிலருக்கு அக்கட்டம் வெறுமையாகவே இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டோடு வரும் பயணிகளை ஏற்பதில்லை என்று அறிவித்தபோது நம்மவர் பலர் திகைத்தனர். தந்தை பெயர் பின்பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆகவே விமானச் சீட்டு, விசா, ஆட்டச் சீட்டு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து பெயர் இருக்கட்டும்.

மற்றொன்று, பலர் அறியாதது. பத்தாம் வகுப்புத் தேறாத அம்மாவின் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகையில் இருக்கக்கூடும். கத்தார், அமீரகம், சவூதி அரேபியா, மலேசியா முதலிய நாடுகளுக்கு வேலைக்குப் போகும் இவ்வகையினர் அரசின் முன்னனுமதி பெற வேண்டும். சுற்றிப் பார்க்கப் போகிறவர்க்கு அவ்வனுமதி வேண்டியதில்லை. ஆயினும் விமான நிலையத்தில் அதிகாரி நிறுத்திக் கேட்பதுண்டு. ‘எதற்குப் போகிறீர்கள் அம்மா?’ என்றால், ‘கால்பந்து பார்க்க’ என்று அவர் சொல்வது அதிகாரிக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். திரும்பும் விமானச் சீட்டு, விடுதிப் பதிவு, ஆட்டச் சீட்டு மூன்றின் படியும் அவர் கையிலேயே இருக்கட்டும்; மகன் பையில் அன்று.

விசா விதிகள் அடிக்கடி மாறுவன; புறப்படும் ஆண்டின் விதியைத் தூதரகத்தாரிடமே கேட்டறிய வேண்டும். ஒன்று மட்டும் மாறாதது: ஆட்டச் சீட்டு விசா ஆகாது. 2026 உலகக் கோப்பைக்கு 48 அணிகள், 104 ஆட்டங்கள், 16 நகரங்கள் என்று மூன்று நாடுகளில் வகுத்தபோது, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் நுழைவு விதிகள் வெவ்வேறாகவே இருந்தன. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் பெரியவர்க்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டுக்குள் உள்ள குழந்தைக்கு 45 யூரோ என்று கட்டணம் வகுத்தனர். மறுத்தாலும் அப்பணம் திரும்பாது. ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம்; 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். விசா கைக்கு வரும்வரை திருப்பித் தராத சீட்டு எதையும் வாங்காதிருப்பதே அறிவுடைமை.

ஆட்டச் சீட்டை எங்கே வாங்குவது? கழகத்திடமோ போட்டி நடத்துவோரிடமோ மட்டுமே. இங்கிலாந்திலும் வேல்சிலும் அனுமதியின்றிக் கால்பந்துச் சீட்டை மறுவிற்பனை செய்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இடைத்தரகனிடம் நான்கு மடங்கு கொடுத்து வாங்கிய சீட்டு வாயிலில் செல்லாமற்போனால் கேட்பார் இல்லை. பெரிய கழகங்கள் உறுப்பினர்க்கே முதலில் விற்கும். நான்கு இருக்கை அடுத்தடுத்துக் கிடைப்பது அரிது. குழந்தை இருந்தால் இதை முதலிலேயே கேளுங்கள். உள்ளூர் அணியின் பகுதியில் எதிரணியின் சட்டை அணிந்து உட்கார்ந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். நம் ஊர்ப் பழக்கம் அங்கே எடுபடாது. ஜெர்மனியில் பல கழகங்களின் ஆட்டச் சீட்டே அன்றைய நகர ரயிலுக்கும் சீட்டாகும். அதைக் கேட்டு மகிழாத அப்பா இல்லை.

புறப்படுமுன் ஒரு சோதனை செய்துபார்க்கலாம். ரஹீம் வாழ்ந்த நகரத்தில் அதற்கு இடமுண்டு. கச்சிபவுலி அரங்கில் 2024 செப்டம்பரில் இந்தியா, சிரியா, மொரீஷியஸ் ஆடிய கண்டங்களிடைக் கோப்பைப் போட்டி நடந்தது. அதே நவம்பரில் இந்தியா-மலேசியா ஆட்டமும் நடந்து 1-1 என முடிந்தது. இத்தகைய ஆட்டம் ஒன்றுக்கு வீட்டாரை அழைத்துச் செல்லுங்கள். எத்தனை படி ஏற முடிகிறது, இரைச்சல் தாங்குகிறதா, பசி எந்நேரம் வருகிறது, தங்கை எப்போது தூங்குகிறாள் என்பன தெரிந்துவிடும். இதற்கு ஆகும் செலவு ஒரு மாலைப்பொழுதுதான்.

வெற்றியை மட்டும் திட்டமிட முடியாது. அந்த 2024 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியா முற்பாதி முழுவதும் கோல் விடாமல் காத்தது, முடிவில் 0-2. உஸ்பெகிஸ்தானிடம் 0-3. சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டத்திலும் நமக்கு ஒரு கோல்கூட இல்லை. முதல் இரண்டும் நடந்த அகமது பின் அலி அரங்குக்கு அருகிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. மூன்றாவது நடந்த அல் பைத் அரங்கு நகருக்கு வடக்கே தொலைவில், கூடார வடிவில், மெட்ரோ எட்டாத அல் கோரில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் திரும்பும் வண்டியை முன்பே பேசி வைத்துவிடுங்கள். இறுதி ஊதல் ஒலித்ததும் எல்லோரும் ஒரே வாயிலை நோக்கி ஓடுவார்கள். அரைமணி நேரம் இருக்கையிலேயே அமர்ந்து, கொண்டுவந்த முறுக்கை உள்ளே விடாத காவலரைப் பற்றி அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தால் கூட்டம் கலைந்துவிடும்.