முதலில் எண்ணுங்கள், பிறகு அடுக்குங்கள்

பல வீடுகளில் ஆட்டங்கள் ஓரிடத்தில் இருப்பதில்லை. கேரம் பலகை கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருக்கும். பல்லாங்குழி பரணில், தாயக்கட்டை சாமி அலமாரி இழுப்பறையில், சதுரங்கக் காய்கள் பிஸ்கட் டப்பாவில். இவற்றை ஒழுங்குபடுத்த உட்காருபவர்கள் பெட்டிகளை அளவு பார்த்து அடுக்கிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அடுத்த விடுமுறையில் எடுத்து விரித்தால் ஒரு குதிரையைக் காணோம். ஆகவே முதல் வேலை எண்ணுவது.

கேரமுக்கு 9 கறுப்பு, 9 வெள்ளை, ஒரு சிவப்பு என 19 காய்கள், கூடவே ஸ்ட்ரைக்கர். சதுரங்கத்துக்கு 32. ஆடுபுலி ஆட்டத்துக்கு 3 புலி, 15 ஆடு. இந்தக் கணக்கை ஒவ்வொரு பெட்டி மூடியின் உட்புறத்திலும் எழுதி வைத்துவிட்டால், ஆட்டம் முடிந்து எடுத்து வைக்கும்போது குழந்தைகளே சரிபார்த்துவிடுவார்கள்.

காய் குறைந்தால் ஆட்டத்தையே தூக்கிப் போட வேண்டுமா? அந்தக் காய் ஆட்டத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பல்லாங்குழியில் சோழிக்கு எண்ணிக்கை மட்டுமே மதிப்பு. 14 குழிகள், குழிக்கு 6 வீதம் என்றால் 84. இரண்டு சோழி தொலைந்தால் இரண்டு புளியங்கொட்டை போதும். சதுரங்கத்தில் தொலைந்த சிப்பாய்க்குப் பதில் ஒரு பொத்தானை வைத்தும் ஆடலாம்.

ஸ்கிராபிள் அப்படியல்ல. அதை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் எழுத்துகளைப் பங்கிட்டார். ஆங்கிலப் பதிப்பின் 100 கட்டைகளில் ‘இ’ 12, ‘க்யூ’ ஒன்றே ஒன்று. ஒரு ‘இ’ போனால் பொறுத்துக்கொள்ளலாம். ‘க்யூ’ போனால், வெற்றுக் கட்டை ஒன்றில் அதை எழுதிக்கொண்டு, வெற்றுக் கட்டை குறைந்த ஆட்டமாக ஆட வேண்டியதுதான். மோனோபோலியில் இன்னும் நுட்பம்: 32 வீடுகள்தான் உண்டு என்பதே அதன் விதி. வங்கியில் வீடு தீர்ந்துவிட்டால், யாராவது திருப்பித் தரும்வரை மற்றவர் கட்ட முடியாது. பத்து வீடுகள் சோபாவுக்கு அடியில் போய்விட்டால் நீங்கள் ஆடுவது வேறொரு ஆட்டம்.

கேரம் இன்னும் கண்டிப்பானது. இங்கே காயின் எடையும் வழவழப்பும்கூடக் கணக்கில் சேரும். போட்டிகளில் ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. பக்கத்து வீட்டுச் செட்டிலிருந்து ஒரு காயைக் கடன் வாங்கிச் சேர்த்தால் அது மட்டும் வேறு வேகத்தில் ஓடும். இரண்டு மூன்று காய் தொலைந்திருந்தால் புதுச் செட் வாங்கிவிடுவதே நல்லது. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. இரு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயமும் இந்த ஊர்க்காரர். அப்படிப்பட்ட ஊரிலேயே பலகையைச் சுவரில் சாய்த்து வைக்கும் பழக்கம் போகவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். பிளைவுட் என்பது, ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக இழை ஓடும்படி ஒட்டிய மெல்லிய மரத்தகடுகள். இரு முகமும் ஒரே அளவு ஈரம் வாங்கினால் பலகை நேராக இருக்கும். மழைக்காலத்தில் ஈரச் சுவரைப் பார்த்த முகம் மட்டும் உப்பினால் வளையும். மாதக்கணக்கில் சாய்ந்து நிற்கும்போது சொந்த எடையே வளைவைக் கூட்டும். உறை போட்டுக் கட்டிலுக்கு அடியில் படுக்கையாக வைப்பது எளிய வழி. வைக்கும் முன் பவுடரைத் துடைத்துவிட வேண்டும். போரிக் அமிலம் கலந்த கேரம் பவுடர் உண்டு. கரப்பான்பூச்சியைக் கொல்லப் பயன்படும் அதே பொருள். கைக்குழந்தைக்கு எட்டக் கூடாது.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை பழைய பல்லாங்குழிப் பைகளைப் பற்றியது. அவற்றில் சோழியோடு சிவப்பு விதைகளும் இருக்கும். முழுக்கச் சிவப்பாக இருந்தால் மஞ்சாடி. ஒரு முனையில் கறுப்புப் பொட்டு இருந்தால் குன்றிமணி. அதிலுள்ள அப்ரின் கொடிய நஞ்சு. கெட்டியான தோல் உடையாதவரை ஆபத்து குறைவு. மென்றாலோ, ஊசியால் துளையிட்டதை விழுங்கினாலோ உயிருக்கே கேடு. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் குன்றிமணியைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

சீட்டுக்கட்டுகளுக்கும் அட்டைகளுக்கும் எதிரி இராமபாணப் பூச்சி. காகிதப் பசையிலுள்ள மாவுச்சத்துக்காகவே அது வருகிறது, ஈரமான இடத்தில் பெருகுகிறது. கெட்டியாக மூடும் டப்பாவும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதுமான காவல். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி குழந்தைகளுக்கு நல்லதல்ல, சில பிளாஸ்டிக் காய்களையும் இளக்கிவிடும். சீட்டுக்கு ரப்பர் பேண்டும் வேண்டாம். நாளடைவில் அது பிசுபிசுத்து விளிம்பில் ஒட்டிக் கறையாகிவிடும். ஒரு காகிதப் பட்டை சுற்றினால் போதும்.

அடிக்கடி ஆடுவதைக் கைக்கெட்டும் தட்டில் வையுங்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் யாரும் தொடாதவற்றை, எண்ணிக்கை சரிபார்த்து அங்கன்வாடிக்கோ கிளை நூலகத்துக்கோ கொடுத்துவிடலாம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் இருக்கும் இடத்துக்குச் சிறு காய்கள் போகக் கூடாது.

பாட்டியின் பல்லாங்குழியை மட்டும் கொடுக்க அவசரப்பட வேண்டாம். அதற்கு அச்சிட்ட விதித்தாள் கிடையாது. குழியில் நான்கு சேர்ந்து பசுவானால் யார் எடுப்பது, வெறுங்குழியைத் துடைத்தபின் எதிர்க்குழியையும் அள்ளலாமா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் வீட்டு முறை தெரிந்தவரோடு ஒரு மாலை உட்கார்ந்து ஆடி, அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி, சோழியோடு அதே பையில் போட்டு வையுங்கள்.