சீரமைப்பு அறுவைக்குப் பின் வலி: பல்லைக் கடித்துத் தாங்க வேண்டாம்

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண்களுக்குக் கைதான் மூலதனம். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தால் தோளுக்கு ஓய்வே கிடையாது. மார்பகப் புற்றுநோய் அறுவை என்றதும், "மறுபடி எப்போ வேலைக்குப் போகலாம்?" என்ற கவலை வரும். அதற்கான பதிலில் வலிக்கும் பங்கு உண்டு.

அகற்றிய மார்பகத்தை முதுகு அல்லது வயிற்றுத் தசை, தோல், கொழுப்பு கொண்டு மறுபடி உருவாக்கும்போது, காயம் இரண்டு இடத்தில் இருக்கும். வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் நெஞ்சில் சளி தேங்கும். கையை அசைக்காமல் வைத்தால் தோள் இறுகிவிடும்.

இதற்கு உதவுவதுதான் 'பிளாக்' எனப்படும் நரம்புத் தடுப்பு ஊசி. பொதுவாக முழு மயக்கத்துடன் சேர்த்தே இதைத் தருவார்கள். மயக்க மருத்துவர் அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி, முதுகெலும்பை ஒட்டியோ மார்புத் தசைகளுக்கு இடையிலோ மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார். ஒரு ஊசி பல மணி நேரம் தாங்கும். மெல்லிய குழாய் வைத்தால் சில நாட்கள் வரை மருந்து தரலாம். மார்பின் போன்ற மருந்தின் தேவையும், அதனால் வரும் வாந்தி, மலச்சிக்கலும் குறையும்.

நீங்க கவனிக்க வேண்டியவை:

• "எனக்கு பிளாக் பொருந்துமா?" என்று அறுவைக்கு முன்பே கேளுங்க. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, மருந்து ஒவ்வாமை இருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்க.

• ஊசியின் வேகம் இறங்கும்போது வலி சட்டென்று ஏறும். அதுவரை காத்திருக்காமல், டாக்டர் சொன்ன நேரத்துக்கு மாத்திரை போடுங்க.

• மரத்த இடத்தில் சுடுதண்ணீர் பை வைக்காதீங்க. சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

• வாய் மரத்தாலோ, காது இரைந்தாலோ, மூச்சு திணறினாலோ, சீரமைத்த இடத்தின் நிறம் மாறினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்க.

• மூன்று மாதம் கடந்தும் எரிச்சலோ, குத்தலோ இருந்தால் அது நரம்பு வலியாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு.

செலவுக்கு என்ன வழி? ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. உங்கள் அறுவை பட்டியலில் உள்ளதா என்று 1800 425 3993-ல் கேளுங்க. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், புற்றுநோய்க்கான நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகை பற்றி விசாரியுங்க. தகுதி இருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம், 2 ஆண்டுகள் வரை கிடைக்கும்.

வலியை வெளியே சொல்வது பலவீனம் அல்ல. நீங்க சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.