எண்ணிக்கை ஒருபுறம், ஊர் ஒருபுறம்: வேல்ஸ் கிராமங்களில் வார்டு எல்லை மறுவரையறை

உள்ளாட்சி அமைப்புகள் பற்றிய பாடத்தை நடத்தும்போது உறுப்பினர் எண்ணிக்கை, பதவிக்காலம், பணிகள் ஆகியவற்றைச் சொல்லி முடித்துவிடுகிறோம். வார்டுகளை யார் பிரிக்கிறார்கள், எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பாடவேளையில் நேரம் கிடைப்பதில்லை. வாக்குப்பதிவு தொடங்குவதற்கு வெகுநாள் முன்பே நடந்து முடிந்துவிடும் வேலை அது. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தே ஒரு கிராமத்தின் குரல் மன்றத்தில் தனித்துக் கேட்குமா, பக்கத்து ஊரின் குரலோடு கரைந்துவிடுமா என்பது முடிவாகிறது.

இதை விளக்க நான் வகுப்பில் எடுத்துக்கொள்ளும் நாடு வேல்ஸ். ஐக்கிய இராச்சியத்தின் ஒரு பகுதி. மலையும் பள்ளத்தாக்கும் நிறைந்தது. தனக்கென ஒரு பழைய மொழியை உடையது. எல்லை மறுவரையறைக்கான விதிகளை அங்கே சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே, எந்தக் காரணத்துக்காக எந்த முடிவு என்று மாணவர்களால் படிப்படியாகத் தொடர முடிகிறது.

இரண்டு அடுக்கு

வேல்ஸின் பரப்பளவு சுமார் 20,780 சதுர கிலோமீட்டர். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் சுமார் 31 லட்சம் பேர். உள்ளாட்சியின் மேல் அடுக்கில் 22 மன்றங்கள் உள்ளன. இவற்றைப் பொதுவாகக் கவுன்டி கவுன்சில்கள் எனலாம். 1996 ஏப்ரல் 1 முதல் இந்த அமைப்பு நடைமுறையில் இருக்கிறது. பள்ளிக்கல்வி, சாலைகள், சமூக நலப் பணிகள், கட்டட அனுமதி, குப்பை அகற்றுதல் ஆகியவை இவற்றின் பொறுப்பு.

கீழ் அடுக்கில் 'கம்யூனிட்டி' எனப்படும் சிறு பகுதிகள் உள்ளன. 1974 வரை இருந்த 'பாரிஷ்' என்ற அமைப்பின் இடத்தில் வந்தவை இவை. வேல்ஸ் முழுவதும் இந்தப் பகுதிகளாகவே பிரிக்கப்பட்டிருந்தாலும் எல்லாவற்றுக்கும் மன்றம் கிடையாது. மன்றம் உள்ளவை 700-க்கு மேல். இவற்றை இக்கட்டுரையில் ஊர் மன்றம் என்றே குறிப்பிடுகிறேன். விளையாட்டுத் திடல், கல்லறைத் தோட்டம், ஊர்ப் பொதுக்கூடம், நடைபாதை, பேருந்து நிழற்குடை போன்றவற்றைப் பராமரிப்பது, ஊருக்குள் வரும் கட்டட விண்ணப்பங்கள் மீது கருத்துச் சொல்வது ஆகியவை ஊர் மன்றத்தின் வேலை. கவுன்டி வசூலிக்கும் வரியோடு சேர்த்துத் தனக்கென ஒரு சிறு தொகையை வசூலிக்கச் சொல்லும் உரிமையும் அதற்கு உண்டு.

சராசரி சொல்வதும் சொல்லாததும்

வேல்ஸின் தலைநகரம் கார்டிஃப். சுமார் 3,62,000 மக்கள், 140 சதுர கிலோமீட்டர், 79 கவுன்சிலர்கள். நாட்டின் நடுவே கிழக்கு எல்லையை ஒட்டி நீண்டு கிடக்கும் பவிஸ் கவுன்டியில் சுமார் 1,33,000 மக்கள், 5,180 சதுர கிலோமீட்டர், 68 கவுன்சிலர்கள். வேல்ஸின் நிலத்தில் கால்பங்கு பவிஸ்தான்.

இப்போது மாணவர்களை வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கார்டிஃபில் ஒரு கவுன்சிலருக்கு ஏறத்தாழ 4,600 பேர். பவிஸில் ஏறத்தாழ 1,950 பேர். கிராமப்புறத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் சலுகை என்று தோன்றும். அடுத்து நிலப்பரப்பை வகுக்கச் சொல்லுங்கள். கார்டிஃப் கவுன்சிலரின் பங்குக்கு இரண்டு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அவர் தன் வார்டை நடந்தே சுற்றிவிடலாம். பவிஸ் கவுன்சிலருக்குச் சராசரியாக 76 சதுர கிலோமீட்டர். அதுவும் சமவெளி இல்லை. இடையில் மலை, ஆட்டுப் பண்ணைகள், ஒற்றை வண்டி மட்டும் போகும் சாலைகள்.

ஆக, பிரதிநிதித்துவம் என்பதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. என் வாக்குக்கு மற்றவர் வாக்குக்குச் சமமான மதிப்பு இருக்கிறதா? என் உறுப்பினரை என்னால் எட்ட முடிகிறதா? முதல் கேள்விக்கு எண்கள் விடை தரும். இரண்டாவதற்கு நிலப்படம் வேண்டும். அந்த நிலத்தில் வாழ்பவரின் சொல்லும் வேண்டும்.

சட்டம் வைத்திருக்கும் அளவுகோல்

வேல்ஸில் இந்தப் பணியைச் செய்வதற்கு ஒரு தன்னாட்சி ஆணையம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் உள்ளாட்சி மக்களாட்சிச் சட்டம் அதன் கடமைகளை வரையறுத்தது. ஒவ்வொரு கவுன்டியின் வார்டு அமைப்பையும் ஆணையம் குறிப்பிட்ட கால இடைவெளியில் ஆராய வேண்டும். அப்போது அது பார்க்க வேண்டியவை:

1. கவுன்சிலர் ஒருவருக்கான வாக்காளர் விகிதம் கவுன்டியின் எல்லா வார்டுகளிலும் கூடியவரை ஒன்றாக இருக்க வேண்டும்.

2. எல்லைகள் எளிதில் அடையாளம் காணக்கூடியவையாக இருக்க வேண்டும். எதிர்காலத்திலும் அவ்வாறே நீடிக்க வேண்டும்.

3. ஊர்களுக்கு இடையே உள்ள உறவுகள் அறுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. அடுத்த 5 ஆண்டுகளில் வாக்காளர் எண்ணிக்கையில் வரக்கூடிய மாற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

முதல் அளவுகோல் ஏன் முதலில் நிற்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். 60,000 வாக்காளர்களும் 40 கவுன்சிலர்களும் உள்ள ஒரு கவுன்டியில் சராசரி 1,500. மலைமேல் உள்ள ஒரு வார்டில் 800 பேர், கடலோர வார்டில் 2,400 பேர். இரண்டுக்கும் தலா ஓர் உறுப்பினர். மலைக்காரரின் ஒரு வாக்கு கடலோரக்காரரின் மூன்று வாக்குகளுக்குச் சமமாகிவிடுகிறது. கிராமத்தின் மீது எவ்வளவு பரிவு இருந்தாலும் இதை நியாயம் என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த 800 பேரை 1,500 ஆக்க என்ன செய்வது? பக்கத்து ஊரைச் சேர்க்க வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. படத்தில் 'பக்கத்து ஊர்' என்று தெரிவது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். வேல்ஸில் சாலைகள் பெரும்பாலும் பள்ளத்தாக்கை ஒட்டியே செல்கின்றன. முதுகோடு முதுகாக இருக்கும் இரண்டு ஊர்களின் பிள்ளைகள் வெவ்வேறு உயர்நிலைப் பள்ளிக்குப் போவார்கள். மக்கள் வெவ்வேறு சந்தைக்கு, வெவ்வேறு மருத்துவரிடம் போவார்கள். அவர்களுக்கு ஒரே கவுன்சிலர் என்றால், அவர் யாருடைய பள்ளிக்காகப் பேசுவார்?

ஆங்கிள்சி தீவு தரும் பாடம்

வடமேற்கில் உள்ள ஆங்கிள்சி தீவில் முன்பு 40 வார்டுகள் இருந்தன; ஒவ்வொன்றுக்கும் ஒரே உறுப்பினர். மன்ற நிர்வாகம் சீர்கெட்டதால் 2011-இல் வேல்ஸ் அரசு தன் ஆணையர்களை அனுப்பி நிர்வாகத்தை ஏற்றது. 2012-இல் நடக்க வேண்டிய தேர்தல் ஓராண்டு தள்ளிப்போனது. அதற்குள் வார்டுகள் மாற்றியமைக்கப்பட்டன. 2013 தேர்தல் 11 பெரிய வார்டுகளில் நடந்தது. மொத்த உறுப்பினர்கள் 30 பேர். ஒவ்வொரு வார்டுக்கும் இரண்டு அல்லது மூன்று உறுப்பினர்கள்.

பெரிய வார்டில் போட்டி கூடும். ஓர் உறுப்பினர் கவனிக்காவிட்டால் இன்னொருவரிடம் போகலாம். உறுப்பினர் தன் ஊரை மட்டும் பார்க்காமல் தீவு முழுவதையும் பார்ப்பார். இவை ஆதரவு வாதங்கள். எங்கள் ஊருக்கென்று ஒருவர் இருந்தாரே, இப்போது மூவரும் பெரிய ஊரிலிருந்தே வந்துவிட்டால் என்ன செய்வது என்பது எதிர்வாதம். பின்னர் 2022-இல் தீவின் உறுப்பினர் எண்ணிக்கை 35 ஆக உயர்த்தப்பட்டது. ஒருமுறை போட்ட கோடு நிரந்தரமில்லை என்பதையும் மாணவர்கள் இதிலிருந்து அறியலாம்.

22 கவுன்டிகளையும் ஆராய்ந்து செய்யப்பட்ட மாற்றங்கள் 2022 மே 5 தேர்தலில் நடைமுறைக்கு வந்தன. கிராமப்புறக் கவுன்டிகளில் பல, இடங்களை இழந்தன. குவினெத் 75-லிருந்து 69, பவிஸ் 73-லிருந்து 68, கெரெடிகியான் 42-லிருந்து 38 ஆயின. அத்தேர்தலில் வேல்ஸ் முழுவதும் இருந்த 1,234 இடங்களில் 74 இடங்களுக்குப் போட்டியே இல்லை. ஊர் மன்றங்களில் நிலைமை இன்னும் கடினம். ஆள் நிற்காத இடங்களுக்கு மன்றமே ஒருவரைச் சேர்த்துக்கொள்வது அங்கு வழக்கமாகிவிட்டது. எல்லையை எவ்வளவு நேர்த்தியாக வரைந்தாலும், நிற்க ஆள் இல்லையேல் வாக்காளருக்குத் தேர்வு இல்லை.

குரல் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

இதெல்லாம் வெறும் கோட்டுச் சண்டை என்று மாணவர்கள் நினைக்கக்கூடும். இரண்டு செய்திகளைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

முதலாவது, கேப்பல் கெலின். வேல்ஸின் வடக்கே ட்ரவெரின் பள்ளத்தாக்கில் இருந்த வேல்ஸ் மொழி பேசும் சிற்றூர். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக 1957-இல் லண்டன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேல்ஸ் உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. நாடாளுமன்றச் சட்டம் வந்துவிட்டதால் உள்ளூர் மன்றங்களின் ஒப்புதல் தேவைப்படவில்லை. 1965-இல் பள்ளி, அஞ்சலகம், தேவாலயம், வீடுகள் எல்லாவற்றோடும் ஊர் நீருக்குள் போனது. முடிவு எடுக்கும் இடத்தில் சிறிய ஊரின் சொல்லுக்கு எடை இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை வேல்ஸ் மக்கள் இன்றும் இந்த ஊரைச் சொல்லியே பேசுகிறார்கள்.

இரண்டாவது நம் தொழிலுக்கு நெருக்கமானது. வேல்ஸில் ஒரு தொடக்கப்பள்ளியை மூடலாமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் கவுன்டி கவுன்சில்தான். கிராமப்புறப் பள்ளிகளை மூடக்கூடாது என்பதையே தொடக்க நிலையாகக் கொண்டு, மாற்று வழிகளை முதலில் ஆராய வேண்டும் என்று 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதித்தொகுப்பு சொல்கிறது. அதற்காக மூடவே முடியாது என்று பொருளில்லை. அந்த வாக்கெடுப்பு நாளில் மன்றத்தில் எழுந்து நின்று, இந்த ஊரிலிருந்து அடுத்த பள்ளிக்குப் பேருந்து எந்த வழியாகச் சுற்றிப் போகும், பனிக்காலத்தில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று சொல்ல, ஊரை அறிந்த ஒருவர் இருக்கிறாரா என்பது வார்டு எல்லையோடு தொடர்புடையது.

ஊரார் எழுதும் கடிதம்

எனவேதான் சட்டம் மக்கள் கருத்துக்கு இடம் வைத்திருக்கிறது. ஆணையம் முதலில் வரைவை வெளியிடும். பல வாரங்கள் யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்துத் தரலாம். அவற்றைப் பார்த்து இறுதிப் பரிந்துரையை வேல்ஸ் அமைச்சர்களுக்கு அனுப்பும். அவர்கள் அப்படியே ஏற்கலாம், மாற்றலாம், ஏற்காமலும் விடலாம். ஊர் மன்றங்களின் எல்லையை ஆராயும் பொறுப்பு முதலில் கவுன்டி கவுன்சிலுக்கு உரியது. அந்த எல்லைகள்தான் பெரிய வார்டுகளைக் கட்டும் செங்கற்கள். கீழே ஒரு செங்கல் நகர்ந்தால் மேலே வார்டின் வடிவமும் மாறும்.

"எங்கள் ஊரை மாற்றாதீர்கள்" என்று மட்டும் எழுதும் கடிதத்தால் பயன் குறைவு. எந்தப் பள்ளிக்குப் பிள்ளைகள் போகிறார்கள், எந்தக் கூடத்தில் ஊர் கூடுகிறது, இரண்டு ஊருக்கும் நேர்ச்சாலை உண்டா, மாற்றாக எந்தக் கோடு பொருந்தும், அப்போது வாக்காளர் எண்ணிக்கை என்ன ஆகும் என்று எழுதுவதே வாதம். ஊரின் பெயரும் இதில் வருகிறது. வேல்ஸ் மொழி பேசுவோர் நாட்டில் 17.8 விழுக்காடுதான், குவினெத்தில் 64.4 விழுக்காடு. புதிய வார்டுக்கு எந்தப் பெயரை, எந்த எழுத்துக்கூட்டலில் வைப்பது என்பதில் மொழி ஆணையரின் கருத்தையும் கேட்கிறார்கள்.

வகுப்பறையில் செய்து பார்க்க

கரும்பலகையில் ஒரு மலைத்தொடரும் அதன் இருபுறமும் இரண்டு பள்ளத்தாக்குகளும் வரையுங்கள். முதல் பள்ளத்தாக்கில் அ (400 வாக்காளர்), ஆ (350), இ (900). இரண்டாவதில் ஈ (700), உ (650). மொத்தம் 3,000, இரண்டு வார்டுகள், சராசரி 1,500. மாணவர்கள் பிரிக்கட்டும்.

எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் அ, ஆ, ஈ என்று 1,450-உம், இ, உ என்று 1,550-உம் ஆக்குவார்கள். சராசரியிலிருந்து 3 விழுக்காடு அளவுக்கே விலகல். ஆனால் இரண்டு வார்டும் மலையைத் தாண்டுகின்றன. நிலத்தைப் பார்ப்பவர்கள் 1,650, 1,350 என்று பள்ளத்தாக்குவாரியாகப் பிரிப்பார்கள். விலகல் 10 விழுக்காடு. ஒரு குழு ஆணையமாகட்டும். மற்றவர்கள் ஐந்து ஊர்களாகி ஆளுக்கொரு கடிதம் எழுதட்டும். ஆணையக் குழு தன் முடிவுக்கான காரணத்தை எழுதி வாசிக்க வேண்டும். பின்னர் ஈ ஊரில் புதிய குடியிருப்பு வந்து 300 வாக்காளர் கூடினால் என்ன செய்வது என்று கேளுங்கள். கணக்கு, புவியியல், குடிமையியல், கடிதம் எழுதுதல் ஆகிய நான்கும் இந்த ஒரு செயல்பாட்டில் சேர்ந்துவிடும்.

என்னைப் பொறுத்தவரை 10 விழுக்காடு விலகலை ஏற்கலாம். முன்பு பார்த்த மூன்று மடங்கு வேறுபாட்டை ஏற்க முடியாது. இடையில் எங்கே நிறுத்துவது என்று மாணவர்களே வாதிடட்டும். வேல்ஸில் 2022 உள்ளாட்சித் தேர்தலில் முதன்முறையாக 16, 17 வயதினரும் வாக்களித்தார்கள். நம் உயர்நிலை வகுப்பு மாணவர்களும் அந்த வயதை நெருங்குபவர்களே. காரணம் காட்டி ஒரு கோட்டை ஏற்கவோ மறுக்கவோ அவர்களால் முடியும்; நாம் ஒரு பாடவேளையை ஒதுக்கினால் போதும்.