மலைச்சரிவில் கிளம்ப மறுத்த கார்

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள் ஏறிச் செல்லலாம். மலைப்பாதையில் காரிலும் செல்லலாம். பழைய டீசல் அம்பாசடர் ஒன்றை அந்தச் சரிவில், முன்புறம் மேல்நோக்கி இருக்குமாறு இரவில் நிறுத்தியதாகக் கொள்வோம். காலையில் ஸ்டார்ட்டர் சுழல்கிறது, என்ஜின் கிளம்பவில்லை. சமதளத்தில் நின்றபோது உடனே கிளம்பிய வண்டிதான்! காரணம் என்ன?

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டரிலுள்ள காற்றைச் சுமார் 20-இல் ஒரு பங்காக அமுக்கும்போது அது கடுமையாகச் சூடேறுகிறது. அதில் நுண்துளிகளாகப் பீச்சப்படும் டீசல் தானே தீப்பற்றுகிறது. இப்படிப் பீச்சுவதற்கு எரிபொருள் பம்பு 100 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் உண்டாக்க வேண்டும்.

மாணவர்களே, ஊசியில்லாத புதிய சிரிஞ்சு ஒன்றில் நீரை நிரப்பி, முனையை விரலால் மூடி அழுத்திப் பாருங்கள். தண்டு நகராது. காற்றை நிரப்பினால் எளிதில் நகரும். டீசல் குழாயில் காற்றுக் குமிழி புகுந்தாலும் இதுவே நிகழ்கிறது. பம்பின் உழைப்பு குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகிறது, இன்ஜெக்டர் திறப்பதில்லை. “ஏர் பிடித்துவிட்டது” என்று மெக்கானிக்குகள் கூறுவது இதைத்தான்.

காற்று எப்படிப் புகுந்தது? பம்பின் இணைப்புகளில் ரப்பர் வளையங்கள் உண்டு. அவை தேய்ந்தால் மயிரிழை இடைவெளி தோன்றும். அம்பாசடரின் டாங்கி பின்புறம் இருப்பதால், சரிவில் அது பம்பைவிட இன்னும் தாழ்ந்துவிடுகிறது. இரவெல்லாம் டீசல் டாங்கியை நோக்கி இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வருகிறது.

வளையம் கெட முதுமை மட்டுமே காரணமன்று. டீசலிலுள்ள அரோமேட்டிக் பொருள்களை உறிஞ்சி, ஊறிய கொண்டைக்கடலைபோல் நைட்ரைல் ரப்பர் சற்று உப்பியிருக்கும். கந்தகத்தை நீக்க ஹைட்ரஜனைச் செலுத்திச் சுத்திகரிக்கும்போது அரோமேட்டிக் பொருள்களும் ஓரளவு குறைகின்றன. அப்போது பழகிய வளையம் சுருங்கிக் கசிகிறது. 1993-இல் கலிபோர்னியாவில் புதிய டீசல் வந்தபோது பல வண்டிகள் இவ்வாறு கசிந்தன. நம் நாட்டிலும் 2020 ஏப்ரல் முதல் டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. காற்றுக்கு இது நன்மையே. வளையங்களை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆகவே பம்பே பழுதென்று முடிவுகட்டிப் பெருஞ்செலவு செய்யுமுன், ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டு ஒன்றைப் பம்புக்கு முன்னால் பொருத்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது நல்லது. வந்தால், டாங்கி முதல் பம்புவரை உள்ள இணைப்புகளையும் வளையங்களையும் சோதிக்க வேண்டும். புதிய வளையங்கள் ஃபுளோரின் கலந்த ரப்பரால் ஆனவையாக இருந்தால் இந்தச் சுருக்கம் மிகக் குறைவு. மாற்றியபின் காற்றை முழுதும் வெளியேற்ற வேண்டும்.

பம்பின் உட்பாகங்களுக்கு இடையே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே இடைவெளி. ஒரு தூசியும் அதைக் கெடுக்கும். எனவே இது பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை. பீச்சும் டீசலின் எதிரே விரலை ஒருபோதும் நீட்டாதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே பாயும். சிறு ரப்பர் வளையத்தில் எத்தனை இயற்பியல் அடங்கியிருக்கிறது, பார்த்தீர்களா!