தோல் சொல்லும் பாடம்: மூலக்கூறு உயிரியல் கல்வி குறித்துச் சில சிந்தனைகள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் பருவத்தில், பூந்தமல்லியை அடுத்த பாரிவாக்கம் போன்ற ஊர்களிலுள்ள பெற்றோரை ஒரு கவலை பற்றிக்கொள்கிறது. மருத்துவ இடம் கிட்டாத பிள்ளைக்கு உயிர்வேதியியல், உயிர்த் தொழில்நுட்பம் முதலிய இளநிலைப் படிப்புகள் ஆறுதலாகக் காட்டப்படுகின்றன. இவற்றுக்கெல்லாம் அடித்தளம் செல் மற்றும் மூலக்கூறு உயிரியலாகும். எஞ்சியதை ஏற்றோம் என்ற மனத்தளர்ச்சியோடு நுழையும் மாணவர், பெயர்களை மனனம் செய்வதிலேயே மூன்றாண்டுகளைக் கழித்துவிடக் கூடும். இக்கல்வியின் உண்மை இயல்பைச் சென்னையிலேயே நிகழ்ந்த ஓர் ஆய்வின் வழியே விளக்க விழைகிறோம்.

1952ஆம் ஆண்டு ஜி.என்.இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு அப்போது தெளிவுபடாதிருந்தது. தோலுக்கும் தசைநாணுக்கும் எலும்புக்கும் உறுதியளிப்பது இப்புரதமே. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நம்மவர் தலைமுறைகளாகக் கையாண்டுவரும் பொருளும் இதுதான். தோலைப் பதனிடுதல் என்பது, கொலாஜன் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகளை உண்டாக்கி, அது அழுகாமல் காப்பதேயாகும்.

அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து பெற்ற கங்காரு வால் தசைநாணின் எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்து, இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் தம் முடிவுகளை வெளியிட்டனர். கொலாஜன், மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு போன்றது. ஒவ்வோர் இழையிலும் மூன்றிலோர் இடத்தில் கிளைசின் அமர்ந்திருக்கிறது. அமினோ அமிலங்களுள் அதுவே மிகச் சிறியது. கயிற்றின் நடுவே வேறெதற்கும் இடமில்லை.

இந்த ஒழுங்கு செல்லினுள் எழுத்துகளாகப் பதிந்துள்ளது. மரபுச் செய்தி நான்கே எழுத்துகளால் ஆனது. மும்மூன்று எழுத்துகள் ஒரு சொல்லாகின்றன. ஆக 64 சொற்கள். அவற்றுள் 61 சொற்கள் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, மூன்று, முற்றுப்புள்ளிகள். அரபு இலக்கணம் பயிற்றுவிக்கும் நமக்கு மூன்றெழுத்து வேர்ச்சொற்கள் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் இவ்வொப்புமையை எல்லை கடந்து நீட்டலாகாது. அரபு வேர் பல வடிவங்களில் விரிந்து பல பொருள் தரும். மரபுச் சொல்லோ ஒரே பொருளுக்குக் கட்டுப்பட்டது. ஓரெழுத்து பிறழின் பொருள் பிறழக்கூடும் என்ற அளவில் இரண்டும் ஒக்கும். கிளைசினுக்குரிய சொல்லில் முதலிரு எழுத்துகளுள் ஒன்று மாறினால், பெரும்பாலும் பருத்த வேறோர் அமிலம் அவ்விடத்தில் வந்தமர, கயிறு சீராக முறுக்கேறுவதில்லை. எலும்புகள் எளிதில் முறியும் பிறவிநோய்க்கு இத்தகைய மாற்றம் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும். ஓரெழுத்துக்கும் ஒரு குழந்தையின் முறிந்த எலும்புக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு படியையும் தொடர்ந்து காணுதலே இக்கல்வி.

இப்படிகளில் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் பிரிந்து நிற்பதில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பின்னரும் மீண்டும் மாணவராகி உயிரியல் கற்றார். மரபுச் சொற்களைப் படித்துப் புரதம் கட்டும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து, 2009ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

ஆகவே, இத்துறையில் சேரும் மாணவர் கணிதத்தையும் வேதியியலையும் கைவிடலாகாது. கல்லூரியைத் தேர்வதற்கு முன், ஆய்வுக்கூடத்தில் மாணவர் தம் கையால் சோதனை செய்ய வாய்ப்புண்டா என்று பெற்றோர் விசாரித்தல் வேண்டும். ஆராய்ச்சியை நாடுவோர்க்கு இளநிலைப் பட்டம் மட்டும் போதாது. முதுநிலைக் கல்வியும் தேவை. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் நடத்தும் 'ஜாம்' நுழைவுத் தேர்வில் உயிர்த் தொழில்நுட்பத்துக்குத் தனித்தாள் உண்டென்பதை முதலாண்டிலேயே அறிந்திருத்தல் நலம். இத்தனை ஆண்டுகளின் செலவைக் குடும்பம் தாங்குமா என்பதையும் தொடக்கத்திலேயே கலந்து பேசிவிட வேண்டும். தாங்குமெனில், மருத்துவம் கிட்டவில்லையே என்ற ஏக்கத்தை இக்கல்வியின்மேல் சுமத்த வேண்டியதில்லை. நோய் பிறக்கும் இடத்தையே தேடிச் செல்லும் கல்வி இது.