அணிலுக்கும் நாய்க்கும் இடையே ஓர் எண்

இரண்டு கருத்துகள் பொருளால் எந்த அளவு ஒத்திருக்கின்றன என்பதைக் கணினி ஓர் எண்ணாகச் சொல்ல வேண்டுமானால், அக்கருத்துகளை ‘இது இன்னதன் வகை’ என்ற உறவால் மேலும் கீழுமாக இணைத்த கிளைப்படம் ஒன்று அதற்கு உதவும். ஆன்டாலஜி எனப்படும் அறிவமைப்பின் முதுகெலும்பு இக்கிளைப்படமே. ஒப்புமை வேறு, தொடர்பு வேறு என்பதையும் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ள வேண்டும்: ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பசுவோடு தொடர்பு உண்டு, ஒப்புமையோ அல்வாவோடுதான்.

1994இல் வூ, பால்மர் ஆகிய இருவர் முன்வைத்த அளவு, கையாலேயே போட்டுப் பார்க்கும் அளவுக்கு எளியது. இரு கருத்துகளுக்கும் பொதுவான மூதாதைகளுள் மிகக் கீழே நிற்பதைக் கண்டு, அதன் படி எண்ணை இரட்டித்து, இரு கருத்துகளின் படி எண்களைக் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். உயிரியல் வகைப்பாட்டில் விலங்குலகத்தை முதற்படியாகக் கொண்டு, தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என இறங்கினால், 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டில் தனக்கெனச் சரணாலயம் பெற்ற நரை அணில் ஏழாம் படியில் நிற்கும். மலபார் மலை அணிலும் அதே பேரினமாதலால் 12ஐ 14ஆல் வகுக்க 0.86, ஊருக்குள் திரியும் மூவரி அணில் குடும்பத்தளவில் மட்டுமே சேர்வதால் 0.71. ராஜபாளையம் நாயை, நாய் என்னும் சிற்றினத்துக்கும் கீழே எட்டாம் படியில் வைக்கலாம். அதுவும் நரை அணிலும் பாலூட்டி என்ற மூன்றாம் படியில்தான் சந்திப்பதால் 6ஐ 15ஆல் வகுக்க 0.4.

படிகள் யாவும் ஒரே உயரம் என்று கொள்வது இக்கணக்கின் குறை. 1995இல் பிலிப் ரெஸ்னிக் படிகளை எண்ணுவதை விடுத்து, பொது மூதாதையும் அதன் கீழுள்ள வகைகளும் எழுத்தில் எவ்வளவு அரிதாக வருகின்றனவோ அவ்வளவுக்கு ஒப்புமை மிகும் என்றார். பாலூட்டி என்பதில் சேர்வதை விட அணில் என்பதில் சேர்வது அதனால் எடை கூடியது.

இவ்விரு முறைகளுள் எதுவாயினும் எண் கிளைப்படத்தைச் சார்ந்ததே. தொல்காப்பிய மரபியல் விலங்குகளை அவற்றின் இளமைப் பெயரால் தொகுக்கையில், மூங்கா, வெருகு, எலி, மூவரி அணில் ஆகியவற்றைக் குட்டி என்ற பெயரின் கீழும், நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றைக் குருளை என்ற பெயரின் கீழும் வைக்கிறது. அதே வாய்பாட்டை அக்கிளைப்படத்தில் இட்டால், காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்போன ராஜபாளையம் நாய்க்குப் பன்றியும், புலி, முயல் ஆகியவற்றுக்கு இணையாக, மிக நெருங்கிய ஒப்பாகிவிடும்.